நூறு விழுக்காடு பேச்சு

அஸர் தொழுகை முடிந்து மக்ரிபுக்கு இடைப்பட்ட பொழுதில் நாம் சென்று அமரும் இடம் ஒன்று திருப்பூரில் உண்டு. இரயில் நிலையத்திலிருந்து காதர்பேட்டைப் பக்கமாக நடந்தால், நூல்கண்டுக் கடையொன்றின் மாடியில் இரண்டே அறைகள். கணினிகள் மூன்று, பழைய அச்சுப்பொறி ஒன்று, சுவர் நெடுக அட்டைப்பெட்டி மாதிரிகள். நம்மிடம் சிறு வயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் அதனை நடத்தி வருகிறார். அவருடன் ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் வேலை செய்கின்றனர். பலகையில் ஏதோ நாகரிகமான ஆங்கிலப் பெயர் உண்டு. அக்கம்பக்கத்தார் யாவருக்கும் அது ‘டிசைன் கடை’தான்.

மதரஸாவில் அரபு இலக்கணம் ஓதி, பிறகு தமிழும் முறையாகக் கற்று, முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சொல்லிக்கொடுத்து வரும் நமக்கு அங்கே என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். வேலை ஒன்றும் இல்லாமல்தான் முதலில் போனோம். படி ஏறினால் தேநீர் கிடைக்கும், எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எழுத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு எழுத்தைப் பார்ப்பதே ஓர் ஓய்வு.

அக்கடைக்கு வருகின்ற வேலைகளின் வகைகளைச் சொல்லி மாளாது. காலையில் ஒருவர் பனியன் பெட்டிக்கு அட்டை வேண்டுமென்பார். அவர் போவதற்குள் மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் பதாகை கேட்டு இளைஞர்கள் நால்வர் வருவர். பிரியாணிக் கடைக்கு விலைப்பட்டியல், காப்பீட்டு முகவருக்கு முகவரி அட்டை, மதரஸாவுக்கு ரசீதுப் புத்தகம், நிக்காஹ் அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று நாள் ஓடும். ஒரே திரையில் ஒரு பக்கம் மணமக்கள் பெயரும், மறு பக்கம் முந்தின இரவு காலமான ஒரு பெரியவரின் படமும் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

“எல்லா வேலையையும் எடுத்துக்கொள்கிறாயே, பனியன் வேலை மட்டும் போதாதா தம்பி?” என்று ஒருமுறை கேட்டோம்.

“2011-லே பட்ட பாடு போதுமுங்க ஹஜ்ரத்,” என்றார்.

அவர் சொன்னது உண்மை. நொய்யலில் கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆறு கெட்டது பொய்யன்று. ஆணையைக் குறை சொல்ல நமக்கு நாவெழாது. ஆயினும் சாயம் நின்றால் தையல் நிற்கும். தையல் நின்றால் பெட்டி யாருக்கு வேண்டும், லேபிள் யாருக்கு வேண்டும்? அந்த மாதங்களில் கடையைக் காப்பாற்றியவை கல்யாணப் பத்திரிகைகள்தாம். ஊரில் தொழில் முடங்கினாலும் நிக்காஹ் நிற்பதில்லை.

திருப்பூரின் பனியன் வரலாற்றில் நம்மவர் ஒருவரின் பெயர் முதல் வரியிலேயே இருப்பதை இக்காலப் பிள்ளைகள் அறியார். விடுதலைக்கு முன்பே பின்னல் இயந்திரத்தை இவ்வூருக்குக் கொணர்ந்து ‘பேபி நிட்டிங்’ என்னும் ஆலையைத் தொடங்கியவர் குலாம் காதர் என்னும் வணிகர். பல்லாண்டுகள் இவ்வூர் உள்நாட்டுக்கே வெள்ளைப் பனியன் பின்னியது. 1978-ஆம் ஆண்டில் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வெள்ளைச் சட்டை தேடி இங்கு வந்தார். அங்கிருந்துதான் ஐரோப்பிய ஏற்றுமதியின் பாதை விரிந்தது என்பர். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2009-இல் ஊர் தனி மாவட்டமாயிற்று.

இவ்வரலாற்றை நாம் சொல்வதற்குக் காரணமுண்டு. உள்நாட்டுப் பனியனில் முதலாளி தன் பெயரையோ தன் பிள்ளையின் பெயரையோ போட்டுக்கொள்வார். ஏற்றுமதிச் சரக்கிலோ பின்னியவர், வெட்டியவர், தைத்தவர் எவர் பெயரும் இராது. கடல் கடந்த கடைக்காரனின் பெயரே கழுத்தில் இருக்கும். மிஞ்சிப்போன சரக்கு காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும்போது அந்தப் பெயர்ச்சீட்டும் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். பெயர் வெட்டுண்ட சட்டை பாதி விலைகூடப் பெறாது. துணி அதே துணி, தையல் அதே தையல்! விரல் நீளமுள்ள நாடா ஒன்று அத்துணை விலைபெறும் விந்தையைப் பற்றி நாம் பல மாலைகள் அங்கே அமர்ந்து எண்ணியதுண்டு.

துணியில் எழுதுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. உமையாக்கள், அப்பாஸியர், ஃபாத்திமியர் காலங்களில் ‘திராஸ்’ என்னும் எழுத்துப் பட்டை ஆடையின் கைகளில் நெய்யப்பட்டது. அதிலே கலீஃபாவின் பெயர் இருக்கும், அவருக்கான துஆ இருக்கும். சிலவற்றில் நெய்த தொழிற்கூடத்தின் ஊரும் ஆண்டும்கூட இருக்கும். குத்பாவில் பெயர் சொல்லப்படுவதும் நாணயத்தில் பெயர் பொறிக்கப்படுவதும் எவ்வாறு ஆட்சியின் அடையாளங்களோ, அவ்வாறே திராஸும் ஓர் அரச அடையாளம் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தனித் தலைப்பிட்டு எழுதுகிறார். ஸிஸிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் பலெர்மோவில் செய்யப்பட்ட மேலங்கி இன்று வியன்னா நகரக் கருவூலத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் கூஃபி எழுத்தில், அரச தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது என்பதும் ஊரும் ஹிஜ்ரி 528 என்னும் ஆண்டும் பொன்னிழையால் தைக்கப்பட்டுள்ளன. இன்ன இடத்தில் செய்யப்பட்டது என்று இக்காலத்தில் லேபிள் சொல்வதை, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னனின் அங்கி சொல்லிக்கொண்டிருக்கிறது!

ஆங்கிலத்தார் ‘காட்டன்’ என்பதும் அரபியின் ‘குத்ன்’ என்பதிலிருந்து பிறந்ததே. இச்சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நாம் கடைக்கு வேலையாகப் போகத் தொடங்கியது ஒரு பெயர் விவகாரத்தினால். நல்ல மனிதரான ஒரு வியாபாரி ஆண்களுக்கான உள்ளாடை தொடங்கினார். அதற்கு இறைவனின் திருநாமங்களுள் ஒன்றைச் சூட்ட விரும்பினார். மாணவர் தயங்கி நம்மை அழைத்தார்.

“பரக்கத்துக்காகத்தானுங்க ஹஜ்ரத்,” என்றார் வியாபாரி.

“எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் பெயர் எந்த இடத்தில் தைக்கப்படும், எங்கே கழற்றி எறியப்படும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?” என்றோம்.

அவர் முகம் சிவந்துவிட்டது. நாம் மேலும் பேசவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கழிவறை செல்லுமுன் தம் மோதிரத்தைக் கழற்றி வைப்பார்கள் என்று அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. அச்செய்தியை ‘முன்கர்’ என்று அபூதாவூத் அவர்களே குறித்திருப்பதால் அதனை நாம் ஆதாரமாக எடுத்து வைக்கவில்லை. ஆதாரம் தேவைப்படாத அளவுக்கு அவருக்கே விளங்கிவிட்டது. கடைசியில் ஒரு பறவையின் பெயரை வைத்தார்.

அந்த மோதிரத்தைப் பற்றி உறுதியான செய்தி வேறொன்று உண்டு. அயல்நாட்டு மன்னர்கள் முத்திரையில்லாத மடலை ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் செய்து ‘முஹம்மத் ரஸூலுல்லாஹ்’ என்று மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். ஒருவரின் அடையாளத்தை மற்றவர் எடுத்தால் மடல் யாருடையதென்று எவ்வாறு தெரியும்? பெரிய நிறுவனத்தின் சின்னத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கேட்டு வருபவர்களிடம் இதனைச் சொல்லும்படி மாணவருக்கு நாம் எடுத்துரைத்தோம். அவர் சொல்வதும் உண்டு, கூலி நெருக்கும் மாதங்களில் சொல்லாமல் செய்துகொடுத்து நமக்கு மறைத்ததும் உண்டு. நமக்குத் தெரியும், தெரியுமென்று அவருக்கும் தெரியும்.

திருநாம விஷயத்தில் நாட்டின் சட்டமும் கண் வைத்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, மக்களில் எந்த வகுப்பாரின் சமய உணர்வையும் புண்படுத்தக்கூடியது எதனையும் வணிகக் குறியாகப் பதியலாகாது என்கிறது. உலகப் பெரு நிறுவனங்களே இதில் இடறியிருக்கின்றன. 1994-இல் பாரிஸின் ஷனேல் நிறுவனம் குர்ஆன் வாசகம் பின்னிய ஆடையை மேடையேற்றியது. அது காதல் கவிதை என்று எண்ணி எடுத்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. 1997-இல் நைக்கி நிறுவனம், காலணியில் தீச்சுடர் போல் வரைந்த ஆங்கில எழுத்துகள் ‘அல்லாஹ்’ என்னும் அரபு எழுத்தைப் போல் தோன்றியமையால் 38,000 இணைகளைத் திரும்பப் பெற்றது. அரபு எழுத்தை அழகுக் கோலமாக மட்டும் பார்க்கும் கண்ணுக்கு நேரும் விபத்துகள் இவை. நமக்கு அத்தகைய விபத்து நேராது என்று நாம் எண்ணியிருந்தோம்.

ஐரோப்பாவுக்குப் போகும் சட்டையில் இழையின் விவரம் விற்கப்படும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டுமென்பது அங்குள்ள விதி. ஆகையால் ஒரே சட்டையின் உட்புறத்தில் பத்துப் பன்னிரண்டு மொழிகளில் ‘பருத்தி’ என்று எழுதிய நீண்ட நாடா தொங்கும். அவற்றில் ஒன்றையும் படிக்கத் தெரியாதவர்கள் அவற்றை அமைக்கிறார்கள். துவைக்கும் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்னும் ஐந்து குறிகள் மட்டும் மொழியின்றியே பேசிவிடும். வளைகுடா நாட்டுச் சரக்காயின் அரபு வேண்டும். அந்த அரபைப் பார்த்துத் தருவது நம் பொறுப்பாயிற்று. கூலி தேநீர்தான், ஆனால் ‘ஹஜ்ரத் பார்த்தாச்சு’ என்று மாணவர் பிறரிடம் சொல்லும்போது நமக்குள் ஒரு பெருமிதம் தலைதூக்கியதை மறைப்பதற்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ரமளானை ஒட்டி ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அவசர வேலை வந்தது. சாட்டின் நாடாவில் இரண்டே வரி: நூறு விழுக்காடு பருத்தி; இந்தியாவில் செய்யப்பட்டது. இருபத்தையாயிரம் லேபிள்கள். மாலையில் நாம் திரையில் பார்த்தோம். எழுத்துரு அழகாக இருந்தது. நூனின் வளைவை வியந்து, அந்த வளைவைப் பற்றிக் கடைப் பெண்ணிடம் கால் மணி நேரம் பேசினோம். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

இரவு தராவீஹ் முடிந்து படுத்தபின் அந்த இரண்டாம் வரி கண்ணுக்குள் வந்து நின்றது. ‘ஃபில் ஹிந்த்’ என்றிருக்க வேண்டியது ‘ஃபீ ஹிந்த்’ என்றல்லவா இருந்தது! அலிஃபும் லாமும் இல்லை. நாட்டின் பெயர் ‘அல்ஹிந்த்’. அலிஃப் லாம் நீங்கிய ஹிந்த் ஒரு பெண்ணின் பெயர். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இயற்பெயரும் அதுவே. சட்டை ஒரு பெண்மணிக்குள் செய்யப்பட்டதாகப் பொருள் தந்துகொண்டிருந்தது. பதறியடித்து மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“பிரிண்டிங்குக்குப் போயிடுச்சுங்க ஹஜ்ரத். இருங்க, அங்கேயே திருத்தச் சொல்றேன்,” என்றார்.

இங்கேதான் நுட்பமொன்றை விளக்க வேண்டும். அரபு எழுத்துகள் கைகோத்து நிற்பவை. ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவும் நடுவில் ஒரு வடிவும் இறுதியில் ஒரு வடிவும் கொள்ளும். வலமிருந்து இடமாகச் செல்லும். கணினிக்குள் அவை வடிவமாக இரா, வரிசையாகவே இருக்கும். அவ்வரிசையைக் கோத்து, வலமிருந்து இடமாக அடுக்குவது மென்பொருளின் வேலை. அரபறியாத மென்பொருளாயின், முதலெழுத்தை இடக்கோடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்திவிடும். இதற்கு அஞ்சியே டிசைன் கடைக்காரர்கள் எழுத்துகளை வெறும் கோட்டோவியமாக மாற்றி, தொழிற்சொல்லில் சொன்னால் ‘கர்வ்ஸ்’ ஆக்கி, அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அன்றும் அப்படித்தான் அனுப்பியிருந்தார். ஓவியத்தில் அலிஃப் லாமைச் சேர்க்க முடியாது. ஆகவே நம் திருத்தத்திற்காக, எழுத்தாகவே இருந்த கோப்பை நள்ளிரவில் அனுப்பினார். அச்சகத்துக் கணினியோ பழையது. இரவு வேலையாள் அதைத் திறந்தார், அச்சிட்டார். மறுமுறை பார்க்க எவருமில்லை.

மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் மாணவர் நம் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு சிறு சட்டை, குழந்தைக்குரியது.

“எழுத்துங்க கைகோக்காம நிக்குதுங்க ஹஜ்ரத்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம். இரண்டாம் வரி சிதறிக் கிடந்தது, எதுவும் பொருள்படவில்லை. முதல் வரியில் மட்டும் ஒரு சொல் பொருளோடு நின்றது. குத்ன் என்பதற்கு எழுத்துகள் மூன்று: காஃப், தா, நூன். அவை தலைகீழாயின் நூன், தா, காஃப் ஆகும், அது ‘நுத்க்’. நுத்க் என்றால் பேச்சு. அந்தச் சட்டை நூறு விழுக்காடு பேச்சினால் ஆனதென்று அச்சிடப்பட்டிருந்தது.

மதரஸாவில் மந்திக் ஓதியவர்களுக்குத் தெரியும். ஈஸாகூஜியில் மனிதனுக்கு இலக்கணம் சொல்லும்போது ‘ஹயவானுன் நாதிக்’, பேசும் உயிரி, என்பர். அந்த நாதிக் பிறந்ததும் இந்த நுத்கிலிருந்தே. நமக்குச் சிரிப்பு வந்தது. மாணவரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

நாலாயிரம் சட்டைகளில் லேபிள் அடித்து முடிந்திருந்தது. மறுநாள் இரவு அந்த நிறுவனத்தின் செக்கிங் பகுதியில் பெண்கள் அமர்ந்து தையலைப் பிரித்ததை நாம் சென்று பார்த்தோம். சிறு கத்திரியால் இரண்டு இழை, நாடாவை இழுத்தல், துணியில் ஓட்டை விழாமல் விரலால் நீவிவிடுதல். ஒரு பெண் நோன்பு வைத்திருந்தவர், நம் ஊர்க்காரர்தான். நம்மைக் கண்டு எழுந்து ஸலாம் சொன்னார். யார் பிழை என்று அவருக்குத் தெரியாது. பதில் ஸலாம் சொல்லும்போது நம் குரல் நமக்கே கேட்கவில்லை. பிரித்த நாடாக்கள் ஒரு சாக்கில் விழுந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் பேச்சு, பேச்சு என்று.

புதிய லேபிளின் செலவும் பிரித்த கூலியும் மாணவரின் கணக்கில் கழிக்கப்பட்டன. அவ்வாண்டுப் பெருநாளைக்கு அவர் பிள்ளைகளுக்குப் புதுத்துணி காதர்பேட்டையின் லேபிள் வெட்டிய சரக்கிலிருந்து வந்ததென்று பிறர் வாயிலாக அறிந்தோம். திருத்தம் சரியானதே என்று நம் மனம் வாதாடியது. ஆம், அலிஃப் லாம் வேண்டியதுதான். மாலையில் வேண்டியது, நள்ளிரவில் அன்று. நூனின் வளைவில் இலயித்திருந்த கண் அடுத்த வரியைப் படிக்கவில்லை என்பதே நடந்தது.

நம் இரண்டு மாத ஊதியத்தை உறையிலிட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தோம். மாணவர் அதனைத் தொடவில்லை.

“உங்ககிட்டப் பணம் வாங்கினா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளே விடமாட்டாங்க. வேணுமுன்னா ஒண்ணு செய்யுங்க. இந்தப் புள்ளைக்கும் அந்தப் பையனுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுங்க. நான் ஒருத்தன் பார்த்தாப் பத்தலைங்க,” என்றார்.

அந்தப் பெண் நம் சமுதாயத்தவர் அல்லர். பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து போகிறவர். அரபு படிக்க வீட்டில் ஒப்புவார்களா என்று கேட்டோம்.

“தொழிலுக்குத்தானுங்களே. போலந்து எழுத்தெல்லாம் அடிக்கிறோம், அது மட்டும் என்னங்க?” என்றார்.

வியாழன்தோறும் ஒரு மணி நேரம். ஓதுவதற்கன்று, பார்ப்பதற்கு மட்டும். எந்த எழுத்து முன்னதோடு சேரும், எது பின்னதோடு சேராது. புள்ளி எத்தனை, மேலா, கீழா. இளைஞன் இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பெண்ணோ இருபத்தெட்டு எழுத்துகளையும் ஒரு நோட்டில் தமிழில் பெயரெழுதி, ஒவ்வொன்றின் வடிவங்களையும் வரைந்துகொண்டார். ஜீம், ஹா, கா மூன்றையும் ‘ஒரே அச்சு, பொட்டு மட்டும் வேற’ என்று குறித்து வைத்திருந்தார். அவருக்குப் பொருள் தெரியாது. ஓசையும் முழுதும் வராது. பொருள் தெரிந்த கண் எதிர்பார்ப்பதைப் படித்துவிடுகிறது. தெரியாத கண் உள்ளதைத்தான் பார்க்கிறது என்பதை நாம் அவரிடமே கண்டோம்.

இப்பொழுது எந்த மாற்றமாயினும், ஒரு புள்ளியாயினும், புதிதாக அச்செடுத்துத் தாளில் பார்க்காமல் கடையிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. அந்தக் குழந்தைச் சட்டை சுவரில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருபவர்கள் அது மாதிரிச் சரக்கென்று எண்ணி விலை கேட்பதுண்டு.

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் வந்தது. மேலே பிஸ்மியை எழுதுவதா, குப்பையில் விழுமே என்று 786 மட்டும் போடுவதா என்று வீட்டாருக்குள் வழக்கு. நம்மைத் தீர்ப்புக் கேட்டார்கள். அப்ஜத் கணக்கில் பிஸ்மியின் தொகை அதுவென்பதையும், எண் வாசகத்துக்கு ஈடாகாது என்பாரின் கருத்தையும் விரிவாக எடுத்துரைத்தோம். பேச்சு சுவையாக நீண்டது. இடையில் அந்தப் பெண் தாளை நம்முன் வைத்தார். நாம் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, சரியென்று தலையசைத்தோம்.

“ஹஜ்ரத், மாப்பிள்ளை பேருங்க,” என்றார் அவர்.

“காலித். சரியாகத்தானே இருக்கிறது?”

“பொட்டு மேலதானுங்களே வரோணும்? இதுல கீழே இருக்குதுங்க.”

கீழே புள்ளியிட்டால் அது ஜீம். பெயர் ‘ஜாலித்’ என்றாகும். சாட்டையால் அடிப்பவன் என்று பொருள். மணமகளின் தந்தை எதிரிலேயே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். நாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தோம். புள்ளி கீழேதான் இருந்தது.